பழக்கம் உண்டாக்கித் தரப்படும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த அலுவலகத்தின் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. கோபப்பட்டால் வரிசையில் கடைசிக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது வேறு விஷயம். அதன் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் ஒரு பழைய பள்ளிக்கூட மேசையைப் போட்டுக்கொண்டு மனு எழுதிப் பிழைக்கிறவன் நான். 'மனு' பழனி என்றால் சுற்றுப்பட்டு ஊரில் தெரியும். மனு எழுதுவேன், படிவம் நிரப்புவேன், கைநாட்டுக்காரர்களின் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றித் தருவேன். கிடைக்குமா என்று மட்டும் என்னிடம் யாரும் கேட்கக் கூடாது.

எங்கள் மாவட்டம் தனியாகப் பிரிந்து மூன்று வருடம் கழித்து, வடக்கனந்தல் ஊரைத் தாண்டி மலைக்குப் போகிற சாலையில் அந்த அலுவலகத்தைத் திறந்தார்கள். அதற்கு முன் அந்தக் கட்டடத்தில் விதை மூட்டை அடுக்கியிருந்தார்கள். அலுவலகத்தின் முழுப்பெயர் 'மக்கள் நடத்தை ஆக்கநிலையிறுத்த மேம்பாட்டு மையம்'. போர்டு எழுத வந்த பெயிண்டர் 'ஆக்கநிலை' வரைக்கும் வந்து, மூன்று தடவை அழித்து எழுதி, கடைசியில் அதிகாரியிடமே போய், "சார், இதுக்குத் தமிழ்ல இன்னா சார்?" என்று கேட்டார். அது தமிழ்தான் என்று அதிகாரி கோபித்துக்கொண்டார். அப்புறம் இரண்டு பேருமாகக் கலந்து பேசி, 'பழக்க மையம்' என்று எழுதிவிட்டார்கள். கீழே சின்ன எழுத்தில், 'இங்கே பழக்கம் உண்டாக்கித் தரப்படும்' என்று ஒரு வரி. எல்லா வினையும் அந்த வரியில்தான் ஆரம்பித்தது.

மையத்தின் வேலை நடத்தைச் சான்று கொடுப்பது. முன்பெல்லாம் அதைப் பள்ளிக்கூடத் தலைமையாசிரியரே பத்து நிமிஷத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார். இப்போது அது செல்லாது. பிள்ளையின் நடத்தை பெற்றவர்களிடமிருந்து வருகிறது, ஆகவே பதினெட்டு வயது முடியாத பிள்ளைக்குச் சான்று வேண்டுமானால் அப்பனோ அம்மாவோ வந்து உட்கார்ந்து பழக வேண்டும் என்று உத்தரவு.

திறப்பு விழாவில் இணை இயக்குநர் தனசேகரன் பேசினார். மனோதத்துவத்தில் எம்.ஏ. படித்தவர், சிரித்த முகம், யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசமாட்டார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! ரஷ்யாவில் ஒரு விஞ்ஞானி மணி அடித்து நாய்க்குச் சோறு வைத்தார். கொஞ்ச நாளில் சோறே தேவைப்படவில்லை. மணி அடித்தாலே நாய்க்கு எச்சில் ஊறியது. இதில் எவ்வளவு பெரிய சிக்கனம் இருக்கிறது பாருங்கள்! அரசாங்கத்திடம் சோறு குறைவு. மணி வேண்டுமட்டும் இருக்கிறது. நாய்க்கு முடிந்தது நம் மக்களுக்கு முடியாதா? முடியும் என்கிற நம்பிக்கையில்தான் நான் இந்த ஊருக்கு மாற்றல் வாங்கி வந்திருக்கிறேன்."

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு மசால் வடை கொடுத்தார்கள், நன்றாகவே இருந்தது.

ஆகஸ்டு முதல் தேதி சடையன் வந்தார். மலையடிவாரத்துக்காரர், மாட்டு வண்டிக்காரர். சீசனில் ஆலைக்குக் கரும்பு அடிப்பார், மற்ற நாளில் எரு, செங்கல். அவருடைய ஒரே மகள் அம்சவள்ளி பன்னிரண்டாவதில் நல்ல மார்க். சேலத்தில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. இருபத்தைந்தாம் தேதி காலை பத்து மணிக்கு எல்லாச் சான்றோடும் அங்கே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும் என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அவர்கள் தெருவில் பன்னிரண்டாவதைத் தாண்டிய முதல் பெண் அவள். மற்ற எல்லாச் சான்றும் வாங்கியாயிற்று. நடத்தைச் சான்று ஒன்றுதான் பாக்கி.

சன்னலில் இருந்தவர் பியூன் இருசப்பன். மணி அடிப்பதும் வடை கொடுப்பதும் அவர் பொறுப்பு.

"பழக்கம் இருக்குதா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. இந்த ஆபீசுல நமக்கு ஒருத்தரும் பழக்கம் இல்லீங்க" என்றார் சடையன்.

"பழக்கம் இல்லன்னா சான்று கெடைக்காதே."

"அது தெரியுங்களே. எல்லா ஆபீசுலயும் அதான் கஷ்டப்படறோம்."

"கவலப்படாத. பழக்கம் நாங்களே பண்ணித் தருவோம். மூணு வாரம் ஆவும். ஓசிதான்."

சடையன் என் மேசைக்கு வந்தபோது கண் கலங்கியிருந்தது. "கேட்டியா பழனி? எங்க அப்பன் காலத்துலேந்து ஆபீசுல ஒரு பழக்கம் இல்லாமதான் சீரழிஞ்சிகினு கெடக்கறோம். இப்ப அவுங்களே பழக்கம் பண்ணித் தராங்களாம்பா! காலம் மாறிப்போச்சு" என்றார்.

எனக்குத் தெரியும். அவர் சொல்கிற பழக்கம் வேறு, போர்டில் இருக்கிற பழக்கம் வேறு. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். அவ்வளவு சந்தோஷத்தில் இருந்த மனுஷனைக் கெடுக்க மனசு வரவில்லை. படிவத்தில் 'பழக்கமற்றவர்' என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கொடுத்தேன்.

முதல் வாரம் சொர்க்கம். பதினொரு மணிக்கு இருசப்பன் மணியை அடிப்பார். எல்லாரும் எழுந்து நிற்பார்கள். சன்னல் திறக்கும். ஆளுக்கொரு சூடான மசால் வடை, கூடவே "உங்க ஃபைல் நகருது" என்று ஒரு வார்த்தை. சடையன் அதில் பாதி வடையைக் காகிதத்தில் மடித்து மகளுக்கு எடுத்துப் போவார். "இருசப்பன் நமக்கு நல்ல பழக்கம் ஆயிட்டாரு. பேரச் சொல்லியே கூப்புடறாரு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை தனசேகரன் அவரை உள்ளே அழைத்து நேர்காணல் செய்தார். கைநாட்டு வாங்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், அதனால் என் காதாலேயே கேட்டேன்.

"நீங்க மாடு பழக்குறவராமே? எப்படிப் பழக்குவீங்க?"

"பேரச் சொல்லிக் கூப்புடுவேங்க. வந்தா தவுடு வெப்பேன். வரலன்னா நாளைக்கும் கூப்புடுவேன்."

"கூப்பிட்டு, வெறும் கூடையைக் காட்டினால்?"

"அப்பிடிக் காட்டக் கூடாதுங்க."

"ஏன்?"

"ஒருவாட்டி ரெண்டுவாட்டி வரும். அப்பறம் மனுசன நம்பாதுங்க. நம்பாத மாட்ட வெச்சிகினு இன்னா பண்றது?"

தனசேகரன் சிரித்துக்கொண்டே குறிப்பேட்டில், 'மனுதாரர் அறிவியல் அறியாதவர்' என்று எழுதினார்.

இரண்டாவது வாரம் வடை நின்றது. மணி மட்டும் அடித்தது. சிலநாள் சன்னல் திறந்தது, சிலநாள் திறக்கவில்லை. திங்கட்கிழமை ஒருவருக்குச் சான்று கிடைக்கும், அப்புறம் மூன்று நாள் ஒருவருக்கும் கிடையாது, வெள்ளிக்கிழமை திடீரென்று இரண்டு பேருக்கு. முறை வைத்துக் கொடுக்கக் கூடாதா என்று ஜெராக்ஸ் கடைக்காரர் தாங்கமாட்டாமல் கேட்டே விட்டார். தனசேகரன் பொறுமையாக விளக்கினார்.

"செவ்வாய்க்கிழமை கொடுப்போம் என்று சொன்னால் மக்கள் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருவார்கள். எப்போது கொடுப்போம் என்று தெரியாவிட்டால் தினமும் வருவார்கள். ஒருநாள்கூட விடமாட்டார்கள். மக்களுக்கும் அரசுக்கும் இடையே உறவு வளர இதைவிட நல்ல வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. எங்களிடம் வருகைப் பதிவு இருக்கிறது. எந்தப் பள்ளிக்கூடத்திலும் இவ்வளவு வருகை கிடையாது."

அவர் சொன்னது பொய்யில்லை. சடையன் வண்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு தினமும் வந்தார். எரு அடிக்கக் கூப்பிட்டவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த வாரம்தான் பெரியநாயகிக்குச் சான்று கிடைத்தது. மகனை ஐ.டி.ஐ.யில் சேர்க்க வந்த அம்மாள். காலில் முள் தைத்து அதை எடுக்க ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்த நேரத்தில் சன்னல் திறந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். மறுநாள் காலை நான் வந்தபோது வரிசையில் நாற்பது பேரும் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. சடையனிடம் போய், "இன்னாண்ணே இது அசிங்கம்? காலக் கீழ வெய்" என்றேன்.

"உனுக்குத் தெரியாது பழனி. அந்தம்மா இப்பிடித்தான் நின்னிச்சாம்."

"அதுக்கு முள்ளு குத்திச்சிண்ணே."

"இருக்கட்டுமே. நிக்கறதுல நமக்கு இன்னா போவுது?"

தனசேகரன் மாடியிலிருந்து இதைப் பார்த்துவிட்டுப் புல்லரித்துப் போனார். 'மக்கள் தாமாகவே ஒழுங்கு ஒன்றை உருவாக்கிக்கொண்டுள்ளனர்' என்று சென்னைக்கு எழுதினார். வயதானவர்கள் விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்ளச் சுவரோரம் இரும்புக் கம்பி போட்டுத் தரும்படியும் கேட்டிருந்தார். சென்னை எதற்கும் இவ்வளவு வேகமாக ஒப்புதல் கொடுத்து நான் பார்த்ததில்லை.

பிறகு கேள்வியை எடுத்தார்கள். அதாவது, 'எப்ப கெடைக்கும்?' என்று வாயைத் திறந்தவர்கள் வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும். திட்டமாட்டார்கள், அடிக்கமாட்டார்கள். சிவப்பு விளக்கு எரியும், இருசப்பன் விரலால் வரிசையின் வாலைக் காட்டுவார், அவ்வளவுதான். உள்ளே இருக்கிற பெஞ்சுக்கு வர நான்கு நாள் ஆகும், வாலுக்குப் போக ஒரு நிமிஷம். கேட்காமல் நின்றவர்களைச் சிலசமயம் ஓர் இடம் முன்னால் தள்ளிவிட்டார்கள். சடையன் இரண்டு முறை கேட்டு இரண்டு முறை வாலுக்குப் போனார். மூன்றாவது முறை கேட்க வாயெடுத்து, விளக்கைப் பார்த்து, இருமிச் சமாளித்தார். நான்காவது முறை இருமலும் வரவில்லை. மாத அறிக்கையில், 'பொதுமக்களின் சந்தேகங்கள் தொண்ணூற்றாறு சதவீதம் தீர்க்கப்பட்டன' என்று எழுதினார்கள். அந்த அறிக்கையைத் தட்டச்சு செய்து கொடுத்தது நான்தான். எனக்கும் வயிறு இருக்கிறது.

மூன்றாவது வாரம் சடையனிடம் ஒரு மாற்றத்தைப் பார்த்தேன். மணிச் சத்தம் எங்கே கேட்டாலும் எழுந்து நின்றுவிடுகிறார். வாயில் எச்சில் ஊறி, துண்டால் துடைத்துக்கொள்கிறார். மாரியம்மன் கோயிலில் ஆவணி முதல் வெள்ளிக்குத் தீபாராதனை மணி அடித்தபோது, கும்பிடுவதை விட்டுவிட்டு ஒற்றைக்காலில் நின்று, தட்டை நீட்டிய பூசாரியிடம், "ஃபைல் நகருதுங்களா?" என்று கேட்டிருக்கிறார். பூசாரி, "ஆத்தா பாத்துக்குவா" என்றாராம். "அவுங்களும் தேதி சொல்லல பழனி" என்று என்னிடம் வருத்தப்பட்டார். அதற்கு மறுநாள் வண்டி மாடுகளின் கழுத்து மணியைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். மாடு தலையை ஆட்டும்போதெல்லாம் எழுந்து நிற்க முடியவில்லையாம்.

இருபத்துநான்காம் தேதி வந்தது. சடையன் ஏழு மணிக்கே வந்துவிட்டார். அன்றைக்கு வரிசையே இல்லை. மற்ற எல்லாரையும் விடுமுறை என்று அனுப்பிவிட்டார்கள். சடையனை மட்டும் உள்ளே கூடத்துப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். என் மேசையிலிருந்து பார்த்தால் வாசல் வழியே கூடம் முழுக்கத் தெரியும். இரண்டு மணிக்கு இருசப்பன் உள்ளறைக் கதவை விரியத் திறந்து வைத்தார். மேசைமேல் ஒரு காகிதத்தை வைத்து, அது பறக்காமலிருக்க மணியையே அதன்மேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அறையில் ஒருவரும் இல்லை. காகிதத்தில் பச்சை முத்திரை. பெஞ்சிலிருந்து எண்ணினால் எட்டுக் காலடி இருக்கும்.

மூன்று மணி ஆயிற்று. சடையன் உட்கார்ந்திருந்தார். மூன்றரை ஆயிற்று. நான்கு மணிக்கு அம்சவள்ளி பையும் கையுமாக வந்து சேர்ந்தாள். சேலத்துக்குப் போக மாலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். புதுச் செருப்பு போட்டிருந்தாள்.

"அப்பா, அதோ மேசமேல இருக்குதே, அது நம்மளுதாப்பா? என் பேரு தெரியுது."

"ஆமாம்மா. நம்மளுதுதான்."

"கதவு தொறந்துதான் கெடக்குது. ஒருத்தரும் இல்ல. போயி எடுத்துக்கினு வாப்பா."

"மணி அடிக்கலம்மா."

"மணி அடிக்கறவரே இல்லியேப்பா! நான் போயி எடுக்கறேன்."

அவள் ஓரடி வைத்தாள். சடையன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி என்றால் வண்டி மாட்டின் கயிற்றைப் பிடித்துப் பழகிய பிடி. "போவாதம்மா, உன் கால்ல வுழறேன். கடசிக்குத் தள்ளிடுவாங்க. மூணு வாரமும் வீணாப்பூடும். அடிக்கட்டும், போலாம். இப்ப அடிச்சிடுவாங்க." அவருக்கு உடம்பெல்லாம் வியர்த்திருந்தது. இரண்டு முறை எழப் பார்த்தார். நான் பார்த்தேன். பாதி எழுந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் கையை விடுவிக்கப் பார்த்து, முடியாமல் அழுதுகொண்டே நின்றாள்.

நான் எழுந்து போய் அந்தக் காகிதத்தை எடுத்துக் கொடுத்திருக்கலாம். என்னைத் தடுக்க ஒருவரும் இல்லை. சேவையில் குறுக்கிட்டால் மேசையை எடுக்கச் சொல்லிவிடுவார்கள் என்று மட்டும்தான் தோன்றியது. பேனாவை மூடினேன், திறந்தேன், மூடினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். நானும் எழவில்லை.

ஐந்து மணிக்கு தனசேகரன் மாடியிலிருந்து கை தட்டிக்கொண்டே இறங்கி வந்தார். சடையனைக் கட்டித் தழுவிக்கொண்டார்.

"அருமை! மூன்று மணி நேரம் கதவு திறந்திருந்தது. தடுக்க ஆள் இல்லை. ஆனாலும் நீங்கள் எழவில்லை! இதுதான் நிறைவுத் தேர்வு. எழுந்து வந்து எடுத்திருந்தால் பழக்கம் முற்றவில்லை என்று சான்றை ரத்து செய்திருப்பேன். நீங்கள் எடுக்காததால், சட்டப்படி இது உங்களுடையது. நாளைக் காலை பதினொரு மணிக்கு நானே என் கையால் தருகிறேன்."

"சார், இப்பவே குடுத்துடுங்க சார்" என்றாள் அம்சவள்ளி. "காலைல பத்து மணிக்கு நான் சேலத்துல நிக்கணும் சார். இல்லன்னா சீட்டு பூடும்."

தனசேகரன் அவளை உண்மையான பரிவோடு பார்த்தார். "ஐந்து மணிக்குமேல் கொடுத்தால் ஐந்து மணிக்குமேல் கேட்கிற பழக்கம் வந்துவிடும் அம்மா. அப்புறம் அதை எடுப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அவசரப்படக் கூடாது. அப்பாவைப் பார், எவ்வளவு அமைதியாக இருக்கிறார்!"

சடையன் மேசைமேல் இருந்த மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பதினொரு மணிக்கு மணி அடித்து, பொன்னாடை போர்த்திச் சான்றைக் கொடுத்தார்கள். 'மேற்படி சடையன் முழுமையாகப் பழக்கப்பட்டவர். அவர் மகளின் நடத்தை நன்று' என்று இருந்தது. அதை என்னிடம் படிக்கச் சொல்லிக் கேட்டார். "பழக்கப்பட்டவர்னா, ஆபீசுக்கு நாம பழக்கம்னு போட்டுருக்காங்க, இல்ல?" என்றார். ஆமாம் என்றேன். அதே நேரத்தில் சேலத்தில் அந்த இடம் வேறொரு பெண்ணுக்குப் போயிருக்கும். அம்சவள்ளி அந்த வாரமே அவள் அம்மாவோடு கரும்புத் தோட்டத்துக் களையெடுப்புக்குப் போய்விட்டாள்.

சடையன் அதற்குப் பிறகும் தினமும் வந்தார். எதற்கு என்று கேட்டேன். "வராம வூட்டுல குந்திகினு இருக்க முடியல பழனி" என்றார்.

இந்த வருடம் ஜூலையில் அம்சவள்ளி என் மேசைக்கு வந்தாள். கை முழுக்கக் கரும்புச் சோகை கிழித்த கோடுகள். விடாமல் மறுபடி விண்ணப்பித்து, மறுபடி இடம் வாங்கியிருக்கிறாள். பழைய சான்று ஆறு மாதம்தான் செல்லுமாம். இப்போது அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டதால் அவளே மனுதாரர்.

"எழுதுங்கண்ணா" என்றாள். "இந்தவாட்டி அப்பா வர வேணாம். நானே உள்ள பூந்து கேட்டு வாங்கியாந்துடறேன். இன்னா பண்ணிடுவாங்க?"

அந்தக் குரலைக் கேட்டு எனக்கு ஒரு கணம் உடம்பு சிலிர்த்தது. போன வருடத்துக்கும் சேர்த்து நன்றாக எழுதித் தருவது என்று முடிவு செய்தேன். 'பெறுநர்' என்று எழுதி முடித்தபோது உள்ளே மணி அடித்தது. பேனாவை வைத்துவிட்டு எழுந்து நின்றேன். ஜெராக்ஸ் கடைக்காரர் எழுந்து நின்றார். வரிசையில் அவளுடைய அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றார்.

"அண்ணா, குந்துங்க. எழுதி முடிங்க" என்றாள். எனக்குக் காதில் விழுந்தது. உட்கார முடியவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பாதி எழுதிய மனுவை எடுத்துக்கொண்டு நேராகச் சன்னலுக்குப் போனாள். இருசப்பன் அவளைத் திட்டவில்லை. "வாம்மா. பழக்கம் இருக்குதா?" என்று அன்பாகக் கேட்டு, காகிதத்தில் வைத்து ஒரு மசால் வடையை நீட்டினார். காலையிலிருந்து தோட்டத்தில் நின்றுவிட்டு வந்த பெண், நல்ல பசி. ஒரு கணம் தயங்கிவிட்டு வாங்கிக்கொண்டாள். முதல் வாரம் அல்லவா, வடை சூடாகவே இருந்திருக்கும்.